ஆடிக் காற்றில் வரும் மாணவர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே மாதத்தின் நடுவில் கோடை விடுமுறை ஆரம்பித்து ஆகஸ்டு கடைசி வரையில் நீடிக்கிறது. ஜெர்மானியச் சர்வகலாசாலைகளிலோ, 'கோடைப் பருவம்' என்று சொல்லப்படும் பாடகாலம் ஏப்ரலில் தொடங்கி, ஜூலையில் வகுப்புகள் ஓய்ந்து, அதன்பின் அக்டோபர் வரையில் மாணவர்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை வேறொரு தேசத்துக் கல்லூரியில் கழிக்க விரும்பிக் கோயம்புத்தூருக்கு வந்து சேருகிற இளைஞர், கோடைக்கென்று கட்டிக்கொண்டு வந்த மெல்லிய உடுப்புகளோடு பீளமேட்டு விமான நிலையத்தில் இறங்கும்போது, இங்கே கோடை முடிந்து போயிருக்கும். சித்திரையும் வைகாசியும் சுட்டெரித்துவிட்டு விலகியபின், பாலக்காட்டுக் கணவாயின் வழியே மலையாளத்து ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று ஊரெங்கும் வீசிக்கொண்டிருக்கும். மேற்கே வெள்ளியங்கிரி மேகத்துக்குள் மறைந்திருக்கும். நொய்யலில் புதுத் தண்ணீர் வந்திருக்கும். பேரூர்ப் படித்துறை ஆடிப் பதினெட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

இந்தப் பருவ வித்தியாசத்தால் விளையும் அனுகூலம் பெரிது. அவர்களுடைய விடுமுறை நம்முடைய பாடகாலமாக அமைந்துவிடுவதால், வருகிறவர் பூட்டிய வகுப்பறைகளையும் காலியான விடுதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை; புதிய பருவத்துக்கு மாணவர் கூட்டம் நிறைந்து, பேராசிரியர்கள் பாடம் சொல்லி, ஆய்வுக்கூடங்கள் இயங்கி, மெஸ்ஸில் வரிசை நீண்டு நிற்கிற ஒரு கல்லூரியை, அது இருக்கிறபடியே அவர் காண முடிகிறது. ஆனால் காண முடிகிறது என்பதும் காண விடுகிறோம் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். அவற்றுக்கு இடையே நிற்பது நம்முடைய விருந்தோம்பல்தான் என்பது என் அபிப்பிராயம்.

மாணவர் பரிவர்த்தனை என்ற ஏற்பாட்டின் வரலாற்றை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. முதல் உலகப் போரில் தோற்றுப் பணவீக்கத்தில் நொடித்துப்போயிருந்த ஜெர்மனியில், ஹைடல்பர்க் சர்வகலாசாலையின் மாணவரான கார்ல் யோவாகிம் ஃப்ரீட்ரிக் என்பவர், நியூயார்க்கில் 1919-இல் நிறுவப்பட்டிருந்த சர்வதேசக் கல்வி நிலையத்தின் உதவியைப் பெற்று, தம் தேசத்து மாணவர்கள் அமெரிக்காவில் பயிலுவதற்கு 13 உபகாரச் சம்பளங்களைத் திரட்டினார். அந்த முயற்சியே 1925-இல் ஒரு ஸ்தாபனமாக உருப்பெற்று, இன்று நம் பொறியியல் மாணவர்கள் 'டாட்' என்று உச்சரிக்கிற ஜெர்மன் கல்விப் பரிவர்த்தனைச் சேவையாக வளர்ந்திருக்கிறது. நேற்று வரையில் பகைவராயிருந்தவர்களின் கல்லூரிக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப ஒரு தேசம் துணிந்ததும், அவர்களை ஏற்க மற்றொரு தேசம் இசைந்ததும்தான் இதன் அஸ்திவாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல் அமெரிக்கச் செனட்டர் ஃபுல்பிரைட், போரில் மிஞ்சி அயல்நாடுகளில் கிடந்த தளவாடங்களை விற்றுவந்த பணத்தைக் கல்விப் பரிவர்த்தனைக்குச் செலவிடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி இந்தியா 1950-லும், மேற்கு ஜெர்மனி 1952-லும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

அவ்விதம் அமெரிக்கக் கல்லூரிக்குச் செல்கிற ஜெர்மானிய மாணவரைத் திகைக்க வைப்பவை பாடப் புத்தகத்தில் இருப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில்தான் இருக்கின்றன. தம் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஆளுக்கொரு தனியறையில் இருந்து பழகியவர், அங்கே முன்பின் அறியாத ஒருவரோடு ஒரே அறையில் படுத்தெழ வேண்டியிருக்கிறது. பருவம் முடிகையில் ஒரே பரீட்சை என்ற வழக்கத்துக்குப் பதிலாக வாரந்தோறும் வீட்டுப் பாடமும் சிறு தேர்வும் வந்து நெருக்குகின்றன. பட்டப் பெயரோடு மட்டுமே அழைத்துவந்த பேராசிரியரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிடச் சொன்னால் நாக்கு எழுவதில்லை. ஆயினும், முதல் வாரத்தில் உபத்திரவமாகத் தோன்றிய அந்த அறைத்தோழரே கடைசி வாரத்தில் உற்ற சிநேகிதராகிவிடுவது சகஜம். அவ்வாறு ஆவதற்குக் காரணம், அந்த ஜெர்மானியரை அமெரிக்கர் யாரும் விருந்தாளியாக நடத்தாமல், கிடைத்த கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டதுதான்.

தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொள்ள வந்த ஜெர்மானியர்களின் வரிசையும் நீண்டதே. 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலே நகரில் படித்தவர். சமயப் பிரசாரத்துக்காக வந்த அவர் தமிழ் கற்கும் பொருட்டு, ஒரு முதிய வாத்தியாரின் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். வந்து பத்து வருஷம் நிறைவதற்கு முன்பே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார் என்றால், அந்த மணலில் உட்கார்ந்ததன் பலன் அது. 1846-இல் பாசல் மிஷன் நீலகிரியிலுள்ள கேத்தியில் நிலையம் அமைத்தபோது, அங்கு வந்து சேர்ந்த ஜெர்மன் மொழிப் பாதிரிமார்கள் படகர்களின் ஊர்களில் நடமாடியே அவர்களுடைய பேச்சைப் பயின்றார்கள். அக்காலத்தில் நீலகிரி கோயம்புத்தூர் ஜில்லாவின் பகுதியாக இருந்தது. தனியாகப் பிரிந்தது 1868-இல்தான்.

சுதந்திரத்துக்குப் பின் இந்த உறவு இயந்திரங்களின் வழியாக வளர்ந்தது. நேரு 1956-இல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றபோது எழுந்த பேச்சு, 1959-இல் ஒப்பந்தமாகி, அவ்வருஷம் ஜூலை 31-ஆம் தேதி சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆரம்பிக்கப்பட்டது. பேராசிரியர்களோடு பட்டறை ஃபோர்மேன்களும் அங்கிருந்து வந்தார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். கோயம்புத்தூருக்கு இத்தகைய அரசாங்க ஒப்பந்தம் ஒன்று தேவைப்பட்டதில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பட்டம் எதுவும் பெறாமலே ஜெர்மனிக்குப் பிரயாணம் செய்து, அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்ணால் அளந்து வந்தவர். நம் தொழிற்கல்வியில் அவர் காட்டிய ஆர்வம் 1945-இல் இங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுவதற்குத் துணை நின்றது. 1926-இல் தங்கள் சொத்தை ஐந்து பங்காக்கி நான்கைச் சகோதரர்கள் நால்வரும் எடுத்துக்கொண்டு ஐந்தாவதைத் தர்மத்துக்கென்று ஒதுக்கிய பி. எஸ். ஜி. குடும்பத்தாரின் தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தோன்றியது. சைதாப்பேட்டையில் 1868-இல் பிறந்து 1906-இல் இங்கே இடம் மாறிய வேளாண்மைப் பள்ளி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. எட்டிமடையில் அமிர்தா கல்வி நிலையம் 1994-இல் வந்தது. ஸ்டட்கார்ட்டுக்கு அண்டையிலுள்ள எஸ்லிங்கன் நகரமும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரமும் கோவையோடு நட்பு பூண்டிருக்கின்றன. அயல்நாட்டு மாணவர் இந்த ஊரைத் தேடி வருவதற்கு இப்படிப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன.

வந்து சேர்ந்தவருடைய நாள் எப்படி நடக்கிறது? அயல்நாட்டார் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குத் தெரிவிக்கும் படிவத்தை விடுதிக் காப்பாளர் நிரப்பி முடிப்பதோடு அவருடைய கோயம்புத்தூர் வாழ்க்கை சட்டப்படி ஆரம்பமாகிறது. அநுபவப்படி ஆரம்பமாவது மறுநாள் காலை மெஸ்ஸில். குழிகள் வைத்த எவர்சில்வர் தட்டை ஏந்தி வரிசையில் நின்று, இட்லியைக் கையால் பிய்த்துச் சாம்பாரில் தோய்க்கப் பார்க்கிறார். ஐந்து விரலும் உள்ளங்கையும் சாம்பாராகிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஈரோட்டுப் பையன் அதைப் பார்த்துச் சிரிக்காமல், தன் கையைத் தூக்கிக் காட்டி, விரல் நுனிகளால் கவளத்தைக் கூட்டிக் கட்டைவிரலால் தள்ள வேண்டிய வகையைச் செய்து காட்டுகிறான். அந்த ஒரு நிமிஷம், வரவேற்பு விழாவில் போர்த்தும் பொன்னாடையைக் காட்டிலும் அவருக்குப் பயன்படுகிறது.

வகுப்பறையில் வேறு விதமான வியப்புகள் காத்திருக்கின்றன. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் அறுபது பேரும் எழுந்து நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருந்து, பிறகு பரபரப்போடு எழுந்து, எல்லாரும் உட்காரும்போது தாம் மட்டும் நிற்பார். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத இயலாது என்ற விதியைக் கேட்டவுடன் ஜெர்மானியர் புருவத்தை உயர்த்துவார். அவருடைய தேசத்தில் விரிவுரைக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் மாணவரின் சுதந்திரம். படித்தாரா என்பதைப் பரீட்சை சொல்லிவிடும் என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்கரோ, கேள்வி கேட்கக் கையைத் தூக்கிவிட்டு, வகுப்பு முழுவதும் தம்மைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொள்வார். வகுப்பில் வாயே திறவாத நம் மாணவர்கள், பாடம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் வாதம் செய்வதைப் பார்த்த பிறகுதான், இந்நாட்டில் கல்வி நடக்கும் இடம் எது என்பது அவருக்குப் புலனாகும்.

வருகிற மாணவிகள் எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது. மாலை மயங்கியதும் பெண்கள் விடுதியின் கேட்டைச் சாத்திவிடுவதும், வெளியே போக வேண்டுமானால் ரிஜிஸ்தரில் கையெழுத்திட்டு வீட்டாரின் சம்மதத்தையும் காட்ட வேண்டியிருப்பதும், இங்கே பல கல்லூரிகளில் வழக்கம். தம் ஊரில் பதினெட்டு வயது நிரம்பியவுடன் தமக்குத் தாமே எஜமானி ஆகிவிட்ட மாணவி, ஆண்கள் விடுதிக்கு அதே நேரக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்கிறார். பாதுகாப்பு என்ற விடை அவருக்குச் சொல்லப்படுகிறது. அவர் அதை ஏற்காமலே கூட விமானம் ஏறிவிடலாம். கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த அறைத்தோழிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

சாயங்கால வேளையில் வந்தவரைப் பேக்கரியில் காணலாம். இந்த ஊரில் பேக்கரி என்பது ரொட்டி விற்கிற கடை மாத்திரம் ஆகாது. கண்ணாடி டம்ளரில் டீயும், தேங்காய் பன்னும், முட்டைப் பப்ஸுமாக, நின்றபடியே அரசியலும் கிரிக்கெட்டும் வேலை வாய்ப்பும் பேசுகிற ஜன சபை. புளித்த மாவில் ரை என்னும் தானியம் சேர்த்துச் சுட்ட, வெட்டுவதற்குக் கத்தி தேவைப்படும் கெட்டி ரொட்டியை உண்டு வளர்ந்த ஜெர்மானியருக்கு, இங்கே ரொட்டி தித்திப்பதும் பஞ்சாய் அமுங்குவதும் முதலில் ஏமாற்றம் தரும். அதற்காக அவர் பேக்கரியை விட்டு விலகுவதில்லை; அங்கே நிற்கும் கூட்டத்தில் தாமும் ஒருவராக நிற்பது அவருக்குப் பிடித்துப்போகிறது.

பொறியியல் பயில்கிறவராக இருந்தால், கணபதி பக்கத்திலோ பீளமேட்டிலோ உள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குள் ஒரு முறை நுழைந்தாலே போதும், மறுபடி மறுபடி போகத் தொடங்குவார். தகரக் கூரையின் கீழ் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, பம்புக்கு வேண்டிய ஷாப்டைக் கடைந்து தருகிற உரிமையாளர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவராயிருந்தும், வெர்னியரை வைத்து அளப்பதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு பொடி எடுக்கணுங்க" என்று சொல்வதும், அளவு கருவி அதையே சொல்வதும், வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் பள்ளியிலுமாகத் தொழில் கற்பிக்கும் முறையைக் கொண்ட தேசத்திலிருந்து வந்தவருக்கு மிகவும் நெருங்கிய விஷயம். ஜெர்மனியில் அந்தத் திறமைக்குச் சான்றிதழும் கௌரவமும் உண்டு. இங்கே ஆர்டர் மட்டும் உண்டு. இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரே கவனித்து விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாராவது ஒரு மாணவன் தன் ஊருக்கு அழைத்துப் போகிறான். பொள்ளாச்சிக்குத் தெற்கேயோ, காங்கயத்துப் பக்கமோ, தோட்டத்து நடுவே நிற்கிற சாளையில், வாசலில் கட்டியிருக்கும் கொம்பு நீண்ட காங்கயம் காளையைக் கடந்து உள்ளே போனால், "வாங்க கண்ணு, வாங்க" என்று அந்த வீட்டு அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறார். அரிசியும் பருப்புஞ் சாதம், கொள்ளு ரசம், சந்தகை, ஒப்பிட்டு என்று இலை நிறைகிறது. போதும் என்று கை மறித்தால், "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் வச்சுக்குங்க" என்று மற்றொரு கரண்டி விழுகிறது. திண்ணையில் சாய்ந்திருக்கும் பாட்டனார், வந்தவருடைய தேசத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டபின், "அங்கெல்லாம் என்ன வெள்ளாமைங்க?" என்றுதான் விசாரிக்கிறார். கோதுமை, உருளைக்கிழங்கு என்று பேரன் மொழிபெயர்த்துச் சொல்ல, தண்ணீர் எப்படி, கிணறா வாய்க்காலா என்று அடுத்த கேள்வி வருகிறது. மழையே போதும், பாசனம் மிகக் குறைவு என்ற பதிலை அவர் நம்புவதில்லை.

இந்த உபசாரம் கொங்கு நாட்டின் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய இந்த உபசாரத்தைப் பருவம் முழுவதற்கும் நீட்டிவிடும்போது, வந்தவரின் கல்விக்கே அது விக்கினமாகிறது. அயல்நாட்டு மாணவர்களுக்கென்று தனி விடுதி, குளிர்சாதன அறை, மிளகாய் குறைத்த தனிச் சமையல், போகவர ஓட்டுநரோடு கார், கூடவே ஒரு வழிகாட்டி என்று ஏற்பாடு செய்வது பல கல்லூரிகளில் மரியாதையாகக் கருதப்படுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற இந்தக் காரியத்தின் பலன் என்னவென்றால், வந்தவர் பத்து வாரம் இருந்தும் டவுன் பஸ்ஸில் கண்டக்டரின் விசிலைக் கேட்பதில்லை. பக்கெட்டில் துணி துவைப்பதில்லை. மின்சாரம் போன இரவில் மொட்டை மாடியில் சக மாணவர்களோடு படுத்துக் கதை பேசுவதில்லை. நம் மாணவர்களோ, அவரைத் தூரத்திலிருந்து பார்த்து, விழாவில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். விருந்தாளிக்குக் குறை தெரியக் கூடாது என்பது இல்லறத்துக்குப் பொருத்தமான தர்மம். மாணவனுக்கோ, குறை தெரிந்தால்தான் கேள்வி பிறக்கும். விருந்தாளியிடம் வேலை வாங்க மாட்டோம். மாணவனுக்கு வேலையே கல்வி.

வேறு வழி உண்டா என்றால், அது நமக்கு மிக அருகிலேயே பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் கோத்தகிரி. தேனெடுக்கும் பழங்குடியினரின் வாழ்வை ஆராயப் புகுந்து, 1993-இல் தோன்றிய கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் அங்கே இயங்கி வருகிறது. நியூயார்க் மாநிலத்து இதாகாவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலை அந்த ஸ்தாபனத்தோடு சேர்ந்து, நீலகிரிக் களக் கல்வி மையம் என்ற ஒன்றை ஆரம்பித்து, 2015 முதல் தன் இளநிலை மாணவர்களை ஒரு பருவம் அங்கே தங்கிப் படிக்க அனுப்பிற்று. இதன் விசேஷம் மாணவர்களைச் சேர்த்த விதத்தில் இருக்கிறது. அமெரிக்கர்கள் மட்டும் ஒரு வகுப்பாக உட்கார்ந்து பழங்குடியினரைப் பற்றிப் படிக்கவில்லை. இருளர், குறும்பர் முதலிய சமூகங்களைச் சேர்ந்த உள்ளூர் இளைஞர்களும் அதே வகுப்பில் மாணவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பாடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் நடந்தது. அமெரிக்கர்கள் தமிழ் பயின்றார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். காட்டுக் கீரைகளும் கிழங்குகளும் ஒரு கிராமத்தின் உணவில் என்ன இடம் பெறுகின்றன என்பது ஆராய்ச்சிப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளை வகுத்து, விடைகளை அட்டவணையாக்கி, முடிவுகளைக் கணக்கிடும் வித்தை அமெரிக்க மாணவருக்குப் பழக்கமாயிருக்கும். எந்தக் கீரை எந்த மழைக்குப்பின் தழைக்கும், எதைப் பற்றி எந்த வீட்டுப் பாட்டியிடம் எந்த நேரத்தில் கேட்கலாம் என்ற வித்தை உள்ளூர் மாணவருக்கே தெரியும். ஒருவரை விட்டு மற்றவரால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. இப்படி ஒருவருக்கொருவர் இன்றியமையாதவராகும்போது, விருந்தாளி என்பவரும் வழிகாட்டி என்பவரும் மறைந்து, சக மாணவர் இருவர் எஞ்சுகிறார்கள். பழங்குடி இளைஞருக்குத் தம் சமூகத்தின் அறிவு சர்வகலாசாலை மதிக்கும் அறிவு என்று தெரியவருவதும், அமெரிக்கருக்குத் தம் ஆங்கிலம் ஒரு கரட்டைத் தாண்டினால் செல்லாக் காசு என்று தெரியவருவதும் இந்த ஏற்பாட்டின் கூடுதல் லாபங்கள்.

எட்டிமடை அமிர்தாவின் 'லிவ்-இன்-லேப்ஸ்' திட்டத்திலும் இதன் சாயல் உண்டு. அதில் இந்திய மாணவர்களும் அயல்நாட்டு மாணவர்களும் கிராமங்களில் தங்கி, குடிநீர், சுகாதாரம், விவசாயம் போன்ற துறைகளில் அவ்வூரார் சொல்லும் பிரச்சினைக்குப் பரிகாரம் தேடுகிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கார்னெலோடு கொண்டிருந்த உறவிலும், அங்கிருந்து வந்த மாணவர்கள் இங்குள்ள மாணவர்களோடு கழனிகளையும் சந்தைகளையும் கூட்டுறவு நிலையங்களையும் சுற்றிப் பார்த்துக் கற்கும் வழக்கம் இருந்தது. எந்தத் திட்டத்திலும் ஒரு வேலையை இருவர் சேர்ந்து செய்கிறார்களா என்று கேட்டால் போதும். மற்றவை தாமே விளங்கும்.

பரிவர்த்தனை என்றால் கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்தது. இதுவரை சொன்னது வருகிறவர்களைப் பற்றி. போகிறவர்களின் கதையில் தொகை பெரிது. ஜெர்மனியில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே முதலிடம்; 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் சுமார் 49,000 பேர். அமெரிக்காவில் அதே கல்வியாண்டில் 3,30,000-க்கும் மேல். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் இத்தொகையில் ஒரு சிறு பின்னம்தான். ஆயினும் நம்மவர் பெரும்பாலோர் முழுப் பட்டத்துக்காகக் கடன் வாங்கிச் செல்கிறவர்கள். ஒரு பருவம் போய்த் திரும்புகிறவர்கள் குறைவு.

இங்கேதான் பரிவர்த்தனை ஒப்பந்தத்தின் பொருளாதாரத்தை நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான பரிவர்த்தனையில் ஒவ்வொரு மாணவரும் தம் சொந்தக் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துகிறார். போய்ச் சேருகிற கல்லூரி அவரிடம் கட்டணம் வசூலிப்பதில்லை. இத்தனை பேர் அங்கிருந்து வந்தால் இத்தனை பேர் இங்கிருந்து போகலாம் என்று இரண்டு பக்கமும் கணக்கு சமமாவதால் எந்தக் கல்லூரிக்கும் நஷ்டமில்லை. ஆகவே கோயம்புத்தூருக்கு வரும் ஒவ்வொரு ஜெர்மானியரும், அமெரிக்கரும், இங்குள்ள ஒரு மாணவருக்கு அங்கே ஓர் இடத்தைத் திறந்துவிடுகிறார். அவிநாசிப் பக்கத்து விசைத்தறிக்காரரின் மகளுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது சொப்பனத்திலும் இயலாது. பரிவர்த்தனை வழியாக என்றால், அவள் இங்கே கட்டும் கட்டணமே அங்கே செல்லுபடியாகும். மிஞ்சுவது பிரயாணச் செலவும் ஜீவனச் செலவும். அதுவும் லேசானதன்று. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் தம் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ வீதம், வருஷத்துக்கு 11,904 யூரோ கைவசம் உள்ளதாகக் காட்ட வேண்டுமென்று 2024 செப்டம்பர் முதல் விதி. தங்கும் காலம் குறைந்தால் தொகையும் குறையும். உபகாரச் சம்பளம் அவசியமாவது இங்கேதான்.

நாட்காட்டியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. அவர்களுடைய விடுமுறை நம் பாடகாலத்தில் விழுவதைப் போலவே, நம்முடைய மே மாத விடுமுறை ஜெர்மானியர்களின் பாடகாலத்துக்கு நடுவே விழுகிறது. ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு மே மாதத்தில் புறப்படும் கோவை மாணவர், அங்கே ஆய்வுக்கூடங்கள் முழு வேகத்தில் இயங்குகிற வேளையில் போய்ச் சேருவார். 'டாட்' ஸ்தாபனம் இந்தியப் பொறியியல், விஞ்ஞான மாணவர்களுக்கு அளித்துவரும் கோடைக்காலப் பயிற்சி உபகாரச் சம்பளமும் இந்த மாதங்களையே ஒட்டி அமைந்தது.

ஆகவே, அயல்நாட்டு மாணவர்களை வரவழைக்கும் கொங்கு நாட்டுக் கல்லூரிகள் செலவைக் கூட்ட வேண்டியதில்லை, குறைக்கலாம். தனி விடுதியைப் பூட்டிவிட்டு, வந்தவரைப் பொது விடுதியில், பேச்சு ருசியுள்ள ஓர் உள்ளூர் மாணவருக்கு அறைத்தோழராகப் போடட்டும். மெஸ் பில்லை எல்லாரையும் போலவே கட்டச் சொல்லட்டும். காரை நிறுத்திவிட்டு ஒரு பஸ் பாஸ் வாங்கிக் கொடுக்கட்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் விழும்படியாக ஒரு பிராஜெக்டைக் கொடுத்து, பட்டறைக்கோ தோட்டத்துக்கோ அனுப்பட்டும். மிச்சமாகும் பணத்தை எடுத்து, அடுத்த மே மாதத்தில் அந்த அறைத்தோழருக்கு விமானச் சீட்டு வாங்கட்டும். பொன்னாடை வேண்டுமானால் இருக்கட்டும். அதை வரவேற்பு நாளில் போர்த்தாமல், பிராஜெக்டை இருவரும் முடித்துக் கொடுக்கிற நாளில், இரண்டாக வாங்கி இருவருக்கும் போர்த்தினால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டாகும்.